தவளைப் பாறையின் கால அட்டவணை

வெள்ளையம்புதூரில் தவளைப் பாறை நகரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரும் நாள். ஊரே குழாயடியில் குடத்தோடு நின்றதால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒரு மினி பஸ் அளவுக்குப் பெருத்து, முகவாயைத் தூக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு, எத்தனையோ காலமாகக் கடைத்தெருவில் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே குந்தியிருந்த அந்தக் கல், புழுதி கிளப்பாமல், சத்தம் போடாமல், நடுரோட்டுக்கு இறங்கி, மேற்கே பார்த்து, நிறைமாதக்காரி நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அது கடந்து போகும்வரை குடங்களைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டார்கள், போனதும் மறுபடி இழுத்து வைத்தார்கள், அந்தச் சந்தடியில் யார் குடம் யார் குடத்துக்கு முன்னால் போனது என்பதுதான் அன்று பொழுது சாயும்வரை ஊருக்குப் பேச்சாக இருந்தது.

தெருவின் மேற்குக் கோடியில் ஓடைப் பாலம். பாறை அங்கே போய்ச் சேர்ந்ததும் அதன் மூக்கு மறைந்தது, பிறகு கண் மறைந்தது, பிறகு முதுகு, பிறகு மடக்கிய பின்னங்கால். மறைந்த அதே வரிசையில், மறைந்த அதே நேரத்தில், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிழக்குக் கோடியில் ரைஸ் மில்லுக்கு முன்னால் மூக்கு வந்தது, கண் வந்தது, முதுகு வந்தது, பின்னங்கால் வந்தது. மறுபடி மேற்கே நடந்தது. ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். அன்று மாலைக்குள் பதினேழு சுற்று முடித்திருந்தது.

இதற்குக் காரணம் சண்முகவடிவு. கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறவள், ஊருக்கே சாதிச் சான்றும் வருமானச் சான்றும் எடுத்துக் கொடுக்கிறவள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. உலகம் பூராவும் சிலபேர் விளையாடும் ஒரு விளையாட்டை அவளும் விளையாடினாள். ஜியோகேச் என்று பெயர். ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைக்க வேண்டும், அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அதற்கென்று உள்ள தளத்தில் ஒரு பக்கமாக எழுதிப் போட வேண்டும், முன்பின் தெரியாத யாரோ போனைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் தன் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் ஆட்டம். ஜெயித்தவர், தோற்றவர், பரிசு எதுவும் கிடையாது.

வடிவு பச்சை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் சம்புடத்துக்குள் நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வைத்து, தவளையின் முகவாய்க்கு அடியில் கை நுழைகிற இடுக்கில் செருகி, இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருவரும் வரவில்லை. மாதம் ஒருமுறை சம்புடத்தைத் திறந்து நோட்டின் முதல் பக்கத்தைப் பார்ப்பாள். கோடு போட்ட வெள்ளைத்தாள் அவளைத் திரும்பிப் பார்க்கும். அந்த முதல் வரியில் ஒரே ஒரு பெயர், தேடி வந்தவர் ஒருவரின் பெயர், அது போதும் அவளுக்கு. காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

தன் பக்கத்தின் லட்சணம்தான் ஆட்களை விரட்டுகிறது என்று அவளுக்கு ஒருநாள் பட்டது. மற்றவர்களின் பக்கங்கள் தலைப்பும் பத்தியும் நிறமுமாக இருந்தன. அவளுடையது சாணி தட்டியது போல ஒரே அப்பலாக இருந்தது. அந்தத் தளத்தில் எழுத்தை அலங்கரிக்க எச்.டி.எம்.எல். தெரிய வேண்டும். வடிவுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால், செருப்புக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், மூன்று வாரம் அவள் அதைப் படித்திருந்தாள். கோண அடைப்புக்குள் டேக் என்கிற ஒரு சொல்லைப் போட்டால் எழுத்து தடிக்கும், இன்னொன்றைப் போட்டால் சாயும், இன்னொன்றைப் போட்டால் நடுவுக்கு வரும். கடைசி நாள் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, கோயில் பூசாரி கற்பூரம் ஏற்றுகிற முகத்தோடு, மார்க்கீ சொல்லிக் கொடுத்தார். மார்க்கீக்குள் போட்ட எழுத்து வலது பக்கம் கிளம்பி ஊர்ந்து போய் இடது பக்கம் மறைந்து மறுபடி வலது பக்கம் வரும். அந்த மாடியில் படித்த அத்தனை பேரும் அன்று ‘நல்வரவு’ என்று எழுதி அதை ஓடவிட்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் கம்ப்யூட்டரில் படிக்க ஒன்றுமில்லை என்றே அவர்கள் நம்பினார்கள்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வடிவு தலைப்பை நடுவுக்குக் கொண்டுவந்தாள், குறிப்பைச் சாய்த்தாள், எச்சரிக்கையைச் சிவப்பாக்கினாள், ‘தவளைப் பாறை உங்களை அழைக்கிறது’ என்ற வரியை மார்க்கீக்குள் போட்டாள். சேமித்தாள். மற்ற டேக்குகள் பக்கத்தோடு நின்றுகொண்டன. மார்க்கீ மட்டும் ஊருக்குள் வந்துவிட்டது.

பாலத்தில் பாறை மறைகிற அதே நொடியில் போனில் அந்த வரி இடது ஓரத்தில் மறைவதை அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். கிழக்கு வலது, மேற்கு இடது, வரைபடத்தில் இருப்பது போலவே. மதியம் சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள்.

குருவையா மினி பஸ் டிரைவர். அவன் பஸ் போகிற ரூட் கடைத்தெரு. அன்று காலையிலிருந்து பாறைக்குப் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்திருந்தான்.

“அப்ப இது ஒன் வேலையா?”

“வேணும்னு செய்யலங்க.”

“லாரிக்காரன் கூட கைய வெளிய போட்டு சைடு குடுப்பான். அது பாட்டுக்கு நடுரோட்ல போவுது. அறுபது வாட்டி ஹாரன் அடிச்சேன், திரும்பிப் பாக்கல.”

“கல்லுங்க அது.”

“தவளைன்னுதான பேரு வச்சிருக்கு. அதுக்காவது குதிச்சு ஓரமாப் போலாம்லா?” அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். “நிறுத்து அத.”

நிறுத்த வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் ஊர் அதற்குள் பாறையை எடுத்துக்கொண்டுவிட்டது.

முதலில் வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். பாறை இருந்த இடம் புறம்போக்கு என்றும், பாறை நகர்ந்தால் புறம்போக்கும் கூடவே நகரும் என்றும், ஆகவே அது கடந்து போகும் அளவு நேரத்துக்கு யாருடைய வாசலும் அவருடைய வாசல் இல்லை என்றும் எழுதிப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினார். வாசலில் வற்றல் காயப்போட்டிருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வற்றலைப் பாறையின் முதுகிலேயே காயப்போட்டார்கள். வெயில் எந்தத் திசையில் இருந்தாலும் அங்கே காய்ந்தது. நான்காம் நாள் டீக்கடை அல்லாபிச்சை தன் பாய்லரையும் இரண்டு ஸ்டூலையும் பாறைமேல் ஏற்றினார். ரைஸ் மில்லில் ஏறினால் பாலம் வருவதற்குள் ஒரு டீ, ஒரு வடை, தலைப்புச் செய்தி எல்லாம் முடிந்தது. இடம்தேடி வாடிக்கை வரும் காலம் போய் வாடிக்கை தேடி இடம் போகும் காலம் வந்துவிட்டதென்று அவர் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார்.

பாலத்தில் என்ன ஆகும் என்ற பயம் ஒன்று இருந்தது. அதை ஒரு வெள்ளாடு தீர்த்துவைத்தது. முதுகில் வற்றல் தின்றுகொண்டிருந்த ஆடு பாலத்தில் மறைந்து மில்லில் வந்து, அதே வற்றலை அதே வாயால் மென்றுகொண்டிருந்தது. அடுத்து அல்லாபிச்சை போனார். வந்தவரை ஊரே சூழ்ந்துகொண்டு கேட்டது.

“என்ன அண்ணாச்சி, எப்படி இருந்தது?”

“கண் சிமிட்டுற நேரந்தான். டீல மட்டும் சீனி கொறஞ்சிருச்சு.”

“அது எப்பவும் கொறவுதான?” என்றார்கள். பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு பாலத்தில் பேச்சை நிறுத்தியவர்கள் மில்லில் அதே சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் பாறைமேல் போனது. பாறை நிற்காது என்பதால் பெண்ணை ஓடவிட்டு ஏற்றி, நல்ல நேரம் முடிவதற்குள் மசூதிக்கும் பாலத்துக்கும் நடுவில் தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் பாலத்தில் தொடங்கி மில்லில் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேட்டியும் துண்டுமாக வந்து, பாறையின் ரூட்டைத் தங்கள் ஊர்வரை நீட்டித்துத் தரவேண்டுமென்று மனு கொடுத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தாய்மார்களுக்குப் பயண வசதி என்று போன தேர்தலிலேயே தான் சொன்னதை நினைவுபடுத்தினார். பாறை நிற்காத இடங்களிலெல்லாம் நிறுத்தம் என்று பலகை நட்டார்.

இருபதாம் நாள் வடிவுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தத் தளத்தில் பக்கங்களைச் சரிபார்த்து அனுமதிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொந்தப் பெயரில் வருவதில்லை. அவளுடைய பகுதிக்கு ‘மரங்கொத்தி’ என்று ஒருவர். அவர் எழுதியிருந்தார்: ‘வணக்கம். மதுரையிலிருந்து ஒரு நண்பர் உங்கள் பெட்டியைத் தேடி வந்திருக்கிறார். நீங்கள் கொடுத்த அட்சரேகையில் தார் ரோடும் ஒரு மாடும் மட்டுமே இருந்ததாகத் தெரிவிக்கிறார். பெட்டி கொடுத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும்.’

வடிவு அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தாள். நீக்கப்படும் என்பதுகூட அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருவர் வந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக, மதுரையிலிருந்து, அவளுடைய பெட்டிக்காக. வந்து, மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அவள் மையத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திருத்தத் திறந்தாள். மார்க்கீயைத் தேடி அழிக்க விரல் போனபோது, வருமானச் சான்றுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “எம்மா, பாறைய நிறுத்தப் போறியா?” என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள். பத்து நிமிடத்தில் மையத்துக்குள் நிற்க இடமில்லை. அரை மணியில் ஊர்க்கூட்டம் கூடியது. கூட்டம் பாறைமேல்தான் நடந்தது, எல்லாருக்கும் டீ அங்கேதான் இருந்தது. வடிவு மட்டும் ஏறவில்லை. மினி பஸ் டிரைவரின் பெண்டாட்டி பாறையில் போனாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். அவள் ரோட்டில் கூடவே நடந்துகொண்டு அண்ணாந்து பேசினாள்.

“நிறுத்தித்தான் ஆகணும் அண்ணாச்சி. யாராவது வந்து பெட்டியக் கண்டுபிடிச்சு நோட்டுல பேரு எழுதணும். இது ஓடிக்கிட்டே இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“பேருதான வேணும்?” ஆவுடையப்பன் மேலிருந்து கையை நீட்டினார். “நோட்டக் கொண்டா. வார்டு வாரியா எழுதித் தாரேன். முந்நூறு பேரு போதுமா?”

“அது செல்லாதுங்க. ஒங்களுக்குப் பெட்டி இருக்கிற எடம் தெரியும்.”

“தெரியாத மாரி தேடுதேன்,” என்றார் அல்லாபிச்சை. அவர் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எங்கப்பா அந்தப் பெட்டி? இந்தப் பக்கம் காணல. அந்தப் பக்கம் காணல.”

எல்லாரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. “தேடி வரணும் அண்ணாச்சி,” என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் பஸ்ஸிலிருந்து குருவையா தலையை வெளியே நீட்டி, “நிறுத்தட்டும், நிறுத்தட்டும்” என்று கத்தினான்.

“நிறுத்தினா எங்க நிக்கும்?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

வடிவு உள்ளதைச் சொன்னாள். அழித்துச் சேமித்தாலும் அந்தத் தளத்தில் மாற்றம் சில சமயம் உடனே வரும், சில சமயம் அரை மணி கழித்து வரும். எந்த இடத்தில் இருக்கும்போது வருகிறதோ அந்த இடத்தில் நிற்கும். ரைஸ் மில் வாசலில் நிற்கலாம். பாலத்தில் பாதி போய் நிற்கலாம், அப்படியானால் பாறையின் தலை கிழக்கேயும் பின்பக்கம் மேற்கேயுமாக, நடுவில் ஊர் இருக்கும்.

அதுவரை பாறை ஊர்ச் சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். குருவையாவும் யோசித்தான். கடைத்தெருவில் மசூதித் திருப்பத்தில் ரோடு குறுகல். பாறை அங்கே நின்றுவிட்டால் பாறைக்குப் பின்னால் ஊர்ந்து போகக்கூட முடியாது. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டு வாசலில் வடிவு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் பக்கம் போய்விடும். குருவையா காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அந்த ஆளு என்னதான் சொல்லுதான்?”

“குடுத்த எடத்துல பெட்டி இல்லங்கிறாரு.”

“நீ குடுத்த எடம் எது?”

“பஞ்சாயத்து ஆபீஸ் எதுக்க. பாறை முன்ன இருந்த எடம்.”

“அங்க அது ஆறேகாலுக்கு வருது, ஆறு அம்பத்தஞ்சுக்கு வருது, ஏழு முப்பத்தஞ்சுக்கு வருது.” அவன் விரல் மடக்கினான். “ஒரு நாளைக்கு முப்பத்தாறு சிங்கிள். மிச்சம் ஒரு நிமிஷம் இல்ல. இன்னைக்கு வந்த நேரத்துக்கே நாளைக்கும் வரும். இருபது நாளா நாந்தான பின்னாலயே போறேன்.”

“அதுக்கு?”

“ஏட்டி, பஸ் ஸ்டாப்புல பஸ் எந்நேரமும் நிக்கா? வரும்போதுதான இருக்கும்? அதுக்காக ஸ்டாப்பே இல்லன்னு எவனாவது சொல்லுவானா? டைம் எழுதி ஒட்டணும். டைம் எழுதாதது ஒன் தப்பு.”

வடிவு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடத்தில் அவன் அவளுடைய கம்ப்யூட்டர் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் யோசனை அது, அதுவும் சரியான யோசனை.

கால அட்டவணை போட டேபிள் தெரிய வேண்டும். செருப்புக்கடை மாடியில் டேபிள் நடத்திய அன்று அவளுக்குக் காய்ச்சல். அதை இப்போது புதிதாகப் படித்தாள். வரிசைக்கு ஒரு டேக், வரிசைக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டேக், திறந்ததையெல்லாம் மூட வேண்டும், மூடும்போது உள்ளே திறந்ததை முதலில் மூட வேண்டும். பஸ்ஸில் உள்ளே ஏறினவன் முதலில் இறங்க முடியாது என்பதற்கு இது நேர்மாறு என்று குருவையா புரிந்துகொண்டான். மறுநாள் முழுக்க அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ரைஸ் மில் ஆறு மணி. தபால் ஆபீஸ் ஆறு எட்டு. பஞ்சாயத்து ஆறு பதினைந்து. மசூதி ஆறு இருபத்தாறு. பாலம் ஆறு நாற்பது. இப்படி முப்பத்தாறு வரிசை.

சேமிக்கும் முன்னால் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மார்க்கீ போட்டதற்குப் பாறை ஓடியதென்றால் டேபிள் போட்டால் ஊர் கட்டம் கட்டமாக ஆகிவிடாதா, மாமியாரும் மருமகளும் ஒரே கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, என்றெல்லாம் கேள்வி இருந்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு சேமித்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கோடு எதுவும் விழவில்லை. சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் மரங்கொத்தி பதில் எழுதினார்: ‘விதிகளில் நேரம் பற்றி ஒன்றும் இல்லை. நேரில் வந்து பார்க்கிறேன்.’

வடிவு ஊரைக் கூட்டிச் சொன்னாள். “வாரவரு தேடித்தான் எடுக்கணும். யாரும் எடத்தச் சொல்லக்கூடாது. கண்ணால கூடக் காட்டக்கூடாது. காட்டினா செல்லாது.”

அவர் சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து இறங்கினார். ஜெயசிங் என்று பெயர், நில அளவைத் துறையில் படம் வரைகிறவர், ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, கையில் குடையும் போனுமாக இருந்தார். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே போய் போனைப் பார்த்து இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றார். தெரு பூராவும் ஆட்கள். கண்ணால் காட்டிவிடுவோமோ என்று பயந்து அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் எல்லாரும் மேல பாக்கிறீங்க?” என்று ஜெயசிங் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

“மழை வருமான்னு.”

“வருமா?”

“சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

பாறை வந்தது. ஜெயசிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து பதினாலு. ஒரு நிமிஷம் முந்தி வருது.”

“ஒம்ம வாட்ச் ஸ்லோவு,” என்று பஸ்ஸிலிருந்து குரல் வந்தது.

அவர் ஆச்சரியப்படவில்லை. நிலம் அளக்கிறவர்களுக்கு நகர்ந்த கல்லைப் பார்த்துப் பழக்கம். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாறையோடு நடந்தபடியே தேடினார். பின்னங்கால் மடிப்பில் கைவிட்டார். வாலிருக்க வேண்டிய இடத்தில் தட்டிப் பார்த்தார். பாறைமேல் இருந்த அல்லாபிச்சை வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார். ஆவுடையப்பன் தன் கை தானாக முகவாயைக் காட்டிவிடாமலிருக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். மசூதி தாண்டியது. ஜெயசிங் இப்போது வயிற்றுப் பக்கம் இருந்தார். வடிவு மையத்தின் வாசலை விட்டு இறங்கி, எட்டப் பின்தொடர்ந்து, முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டே நடந்தாள். இன்னும் இரண்டடி முன்னால், இன்னும் ஓரடி முன்னால் என்று அவள் மனசுக்குள் சொன்னது அவளுக்கே சத்தமாகக் கேட்டது. பாலம் வந்துவிட்டது. மூக்கு மறையத் தொடங்கியபோதுதான் அவர் குனிந்து முகவாய்க்கு அடியில் கையை விட்டார். கை மறைந்தது, தலை மறைந்தது, குடை மறைந்தது.

மில்லிலிருந்து போன் வந்தது. “வந்துட்டாரு. கைல பச்ச மூடி இருக்கு. எழுதிக்கிட்டிருக்காரு.”

தெரு வானத்திலிருந்து கண்ணை இறக்கியது. அப்படியொரு சத்தம் தேர்தல் முடிவன்றுகூட அந்தத் தெருவில் கேட்டதில்லை. வடிவு கிழக்கே ஓடினாள். தபால் ஆபீஸ் அருகில் பாறையைப் பிடித்தாள். ஜெயசிங் அல்லாபிச்சையின் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன். முதல் வரி.”

“குடுங்க சார், பாக்கேன்.”

அவர் சம்புடத்தை மடியோடு சேர்த்துக்கொண்டார். “எடுத்த இடத்துல வைக்கணும்மா. அதுதான் விதி. ஒங்களுக்குத் தெரியாததில்ல.”

“எடுத்த எடம் இங்கதான சார், முகவாய்க்கு அடியில?”

“இல்ல. கை பட்டதும் நழுவி விழுந்துட்டு. நான் எடுத்தது பாலத்துக்கும் மில்லுக்கும் நடுவுல.”

“நடுவுல ஒண்ணுமே கெடையாதே சார்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த சுற்றும் பாறையிலேயே போனார். பாலத்தில் சம்புடத்தோடு மறைந்து, மில்லில் வெறுங்கையோடு வந்தார். பக்கம் இருக்கலாம் என்றார். ஆனால் பெட்டி சற்று நகர்ந்திருப்பதைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும், தேநீர் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு குருவையாவின் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவள் இரண்டு வருடம் காத்திருந்த பெயர் எழுதப்பட்டுவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

பஸ் திரும்பி வந்தபோது வடிவு பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். பாறை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பஸ்ஸைப் பார்த்தாள். குருவையா ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

“ஏறு. யாரு என்ன சொல்லப் போறா?” என்றான்.

அல்லாபிச்சை கை கொடுத்தார். அவள் ஏறி, மூக்குவரை நடந்து போய், முகவாயின் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டாள். பாலத்தில் எல்லாம் போய்விட்டது, தெரு, சத்தம், வெயில். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது. நோட்டில் கோடு தொடங்குமுன் ஓரமாக விட்டுவைக்கிற இடம் போல, யாரும் எதுவும் எழுதாத வெள்ளை. அதில் பச்சை மூடி இருந்தது. திறந்தாள். முதல் வரியில், படம் வரைகிறவரின் சீரான கையெழுத்தில், தேதி, நேரம், மரங்கொத்தி, அடைப்புக்குள் ஜெயசிங். அதன் கீழே ஒரு வரி. அதைப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், மூடி எடுத்த இடத்தில் வைத்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது நீளமாக இருந்தது.

மில்லில் ஊரே நின்றது.

“இருந்துதா?”

“இருந்தது.”

“என்ன எழுதியிருக்காரு?”

வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தேடிக் கண்டுபிடிச்சுப் படிச்சுக்கிடுங்க.”

“எங்க இருக்குன்னாவது சொல்லு.”

“அது இப்ப ஒங்க யாருக்கும் தெரியாதுல்லா,” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது. கூட்டத்துக்கு இன்னும் சற்று நேரம் கழித்துப் புரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிச் சுற்றிலேயே பாறைமேல் கால்வைக்க இடமில்லை. ஆவுடையப்பன் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பாறைமேல் கல்யாணம் ஆனவர்கள் ஜோடியாக வந்திருந்தார்கள். போனதும் கிடைத்தவர்கள் இருந்தார்கள், நான்கு சுற்றுப் போயும் வெள்ளையைத் தவிர ஒன்றும் காணாமல் திரும்பி, ஒரு துப்பாவது கொடு என்று வடிவைக் கெஞ்சியவர்கள் இருந்தார்கள். கிடைத்தவர்கள் யாரும் கிடைக்காதவர்களிடம் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் ஒரு விஷயம் இரண்டாம் ஆளுக்குத் தெரியாமல் அரை நாள் இருந்தது அதுவே முதல்முறை. ஒன்பது இருபதுக்கு அல்லாபிச்சை மில்லில் வெளிப்பட்டு, “எம்மா, நோட்டு தீந்துபோச்சு!” என்று கத்தினார்.

வடிவு புது நோட்டோடு பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே பத்து பதினைந்துக்காகக் காத்து நின்றாள். பாறைக்குப் பின்னால் மினி பஸ் வந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. குருவையா பஸ்ஸை ஓரமாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து போனை நீட்டினான்.

“ஏட்டி, இந்த அட்சரேகைங்கிறது எது? நெட்டுக்குப் போறதா, குறுக்கப் போறதா?”